வெயில் சமைத்த தண்ணீர்

"போத்தலத் தொடாத புள்ள. சாமிக்கு வச்சாச்சு."

"அது சாமிக்கு இல்லம்மா. பக்டீரியாவுக்கு."

"பக்டீரியாவுக்கும் ஒரு சாமி இருக்கும். நாளைக்கு விடியட்டும், பூசை முடிஞ்சி எடுத்துக்க. இன்னைக்குக் கைய வச்சா படிப்பு ஏறாது."

"இப்ப எடுக்காட்டி படிப்பே இல்லம்மா."

"அத சரஸ்வதி பாத்துக்குவா."

விஜயலெட்சுமி மகளின் தோளைப் பிடித்துக் கோயில் படியிலிருந்து இறக்கினாள். கொழுந்து கிள்ளித் தடித்த விரல்கள். பிடித்தால் பிடித்ததுதான். விதுர்ஷா கீழே நின்றபடி படிகளைப் பார்த்தாள். மயிலடித் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் அவளுடைய கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன் நடுவே குங்குமம். யாரோ ஒரு செவ்வந்திப் பூவையும் செருகியிருந்தார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் தண்ணீர், பாலில்லாத சாயத் தேத்தண்ணியைப் போல.

பதுளையில் பல்கலைக்கழக இறுதி வருடம் படிக்கும் விதுர்ஷா, தோட்டத்துக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரை மிக நுண்ணிய வடிதாளில் சொட்டுச் சொட்டாக வடித்து, அதிலிருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களையெல்லாம் நீக்கி, போத்தல்களில் அடைத்து வைத்திருந்தாள். வெளிச்சம் படக்கூடாது என்று, தேயிலை மூட்டைக்குள் வைக்கும் வெள்ளித்தாளை, ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலையில் கேட்டு வாங்கி ஒவ்வொன்றையும் சுற்றி, பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் வகுப்புக்குப் போனாள். நவராத்திரியின் கடைசி நாட்களில் படிக்கிற சாமான்களைச் சாமிக்கு முன்னால் வைப்பது வழக்கம். வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். அம்மா புத்தகங்களைத் தேடியிருக்கிறாள். புத்தகமெல்லாம் பதுளையில். அகப்பட்டது போத்தல்.

"வெள்ளித்தாள யாரு உரிச்சது?"

"நாந்தான்" என்றபடி கணபதி மாமா வாளியும் சந்தனக் கிண்ணமுமாக வந்தார். கோயில் தலைவரும் அவர்தான், கவ்வாத்துக் கங்காணியும் அவர்தான். தேயிலைச் செடிகளை வெட்டிக் கட்டையாக்கும் ஆட்களுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். "சாமி முன்னால போத்திக்கிட்டு நிக்கிறதுக்கு அது என்னா காய்ச்சக்காரனா?"

"எல்லாத்தையுமா உரிச்சீங்க?"

"இந்த வரிசைய மட்டுந்தான். உள்ள எடமில்ல, பாதிய வெளிய வச்சோம். வெளிய நிக்கிறது பாக்க லட்சணமா இருக்க வேணாமா? மிச்சம் பெட்டியோட உள்ள இருட்டுல கெடக்கு. மனசு சங்கடப்படாத, அதுக்கும் மூடியில பொட்டு வச்சிட்டேன்."

விதுர்ஷாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. போத்தல்களுக்கு அப்பால் பார்வையை ஓட்டினாள். கவ்வாத்துக் கத்திகள், அம்மாவின் கொழுந்துக் கூடை, ஸ்டோர்க்காரர்களின் ஸ்பேனர்கள், ஒரு ஆட்டோவின் சாவி. எல்லாரும் தங்கள் கைக்குச் சோறு போடும் சாமானை வைத்திருந்தார்கள். கூடைக்குப் பக்கத்தில், அண்ணன் நிஷாந்த் தன் மீன் வலையை வைக்கிற இடத்தில், பாஸ்போர்ட் இருந்தது.

அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்கள்.

*

நீர்த்தேக்கம் மூச்சு விடும் என்று விதுர்ஷா முதன்முதலில் ஒரு வகுப்பறையில்தான் கேட்டாள். அன்றிலிருந்து தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் அதைத் தூங்கும் பெரிய மிருகமாகவே நினைத்துக்கொண்டாள். பகலில் பாசிகள் ஒட்சிசனை உண்டாக்கித் தண்ணீருக்குள் விடும். பக்டீரியாக்களோ பகலும் இரவும் தின்னும். தின்பதற்காக ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். சூரியன் போனபிறகு கொடுப்பவர் யாருமில்லை, எடுப்பவர்கள் மட்டும்தான். ஆகவே விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் மூச்சு மிகக் குறைவாக இருக்கும். பக்டீரியாக்களுக்குத் தீனி அளவுக்கு மிஞ்சிக் கிடைத்தால் அந்த விடியலில் மீன்களுக்குப் பங்கு மிஞ்சாது.

நீர்த்தேக்கத்தின் ஒரு மூலை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே உள்வாங்கிக் கிடந்தது. ஆழமில்லாத, காற்றுப்படாத, சீக்கிரம் சூடேறும் அந்த மூலையைத் தோட்டத்தில் எல்லாரும் சட்டி என்றுதான் சொல்வார்கள். நிஷாந்த் தன் மீன் கூடுகளை அங்கேதான் கட்டியிருந்தான். நீலப் பீப்பாய்களை மிதக்கவிட்டு, மூங்கிலால் சட்டம் பிணைத்து, அதற்குள் வலையைத் தொங்கவிட்ட கூடுகள். லயத்து வாசலில் நின்றாலே தெரியும் என்பதால் திருட்டுப் பயமில்லை. ஹாலிஎலையில் மீன் வியாபாரம் செய்யும் பவாஸ் அவனுக்குக் கூட்டாளி.

போன வருடம், மீன்கள் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்த ஒரு காலையில், அத்தனையும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. யாரோ மருந்து கலக்கிவிட்டார்கள் என்றார்கள் லயத்தில். அக்கரைக் கிராமத்துப் பையன்கள்தான் என்று இரண்டு பேர் தடியோடு கிளம்பினார்கள். தோட்டத்துப் பையன்கள்தான் என்று அக்கரையில் பேசிக்கொண்டார்கள். நிஷாந்த் மட்டும் செத்த மீன்களை அள்ளி வாழைக்கு உரமாகப் போட்டான். இந்த வருடம் மறுபடியும் குஞ்சுகளை விட்டான். விட்ட கையோடு பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப்போட்டான்.

"இதுவும் செத்தா கட்டார் போறேன்" என்றான் ஒருநாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. ஏதோ பக்கத்துத் தோட்டத்துக்குப் போவதைப் போலச் சொன்னான். அம்மா அடுப்பை ஊதினாள். அடுத்த நாள் விதுர்ஷா பல்கலைக்கழகத்தில் தன் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றிக்கொண்டாள்.

சூடுதான் காரணம் என்று அவள் நினைத்தாள். தண்ணீர் சூடானால் பக்டீரியாக்கள் வேகமாகத் தின்னும், வேகமாக மூச்சு வாங்கும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அவளுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் ஸிஹாமா மிஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சூடுதான் காரணமெண்டா கச்சான் காத்தடிக்கிற வெயில் மாசத்துல எல்லோ சாகணும்? உங்கட நானா நிஷாந்துட மீன் மழைக்குப் பொறகு என்னத்துக்குச் செத்த?"

அதற்குப் பதில் தேடித்தான் விதுர்ஷா அந்தப் போத்தல்களை நிரப்பியிருந்தாள்.

*

"எல்லாம் கெட்டுப்போச்சு மிஸ்."

விஜயதசமிக்கு மறுநாள் ஆய்வுகூட மேசையில் போத்தல்களை அடுக்கிவிட்டு விதுர்ஷா சொன்னாள். ஸிஹாமா மிஸ் ஒன்றைத் தூக்கி, காய்ந்த சந்தனத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல வடிவாத்தான் சோடிச்சிருக்காங்க. எங்கட வீட்டுக் கலியாணத்துல மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்யல்ல."

"மூணு நாள் வெயில்ல நின்னிருக்கு. திரும்ப முதல்ல இருந்து வடிக்கணும்."

"வடிக்கலாம். அதுக்கு முந்தி, கெட்டுப்போச்சா இல்லையாண்டு நீங்களும் நானும் எப்பிடிச் சொல்ற? பக்டீரியாக்கிட்ட கேளுங்களேன்."

விதுர்ஷா கேட்டாள். வெளியில் நின்ற போத்தல்கள், பெட்டிக்குள் கிடந்த போத்தல்கள், எல்லாவற்றிலும் சட்டியிலிருந்து புதிதாக எடுத்த தண்ணீரில் கொஞ்சம் விட்டாள். அந்தக் கொஞ்சத்துக்குள் எண்ண முடியாத பக்டீரியாக்கள். பிறகு எல்லாவற்றையும் வெள்ளித்தாளில் சுற்றி, ஒரே சூட்டில், ஒரே இருட்டில் வைத்தாள். ஒட்சிசன் அளக்கும் கருவியை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள்.

பெட்டிக்குள் இருந்தவை மெதுவாக மூச்சு வாங்கின. வாசலில் நின்றவை ஓடி வந்தவனைப் போல இரைத்தன. அடுத்த நாள் அளந்தபோது அவற்றில் ஒட்சிசன் பாதிக்கும் கீழே போயிருந்தது. கருவியில்தான் கோளாறு என்று கழுவித் துடைத்து மறுபடி இறக்கினாள். அதே கதை.

"சந்தனம் உள்ள போயிருக்கும் மிஸ். அதத்தான் தின்னுது."

"உள்ளுக்கு இருந்ததுக்குப் பொட்டு வைக்கல்லயா?"

விதுர்ஷா தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் கவ்வாத்து மலையின் காற்றும், அதற்குள் கணபதி மாமாவின் குரலும் கேட்டன.

"மாமா, பெட்டிக்குள்ள இருந்த போத்தலுக்கும் பொட்டு வச்சீங்கதான? நிச்சயமா?"

"என்னா புள்ள இப்பிடிக் கேக்கிற? நான் ஒருத்தனுக்கு வச்சி ஒருத்தனுக்கு வைக்காத ஆளா? வேணும்னா கொண்டா, இன்னொருக்கா வச்சித் தாறேன்."

ஆகவே பொட்டு இல்லை. சந்தனமும் இல்லை. சூடும் இல்லை, ஏனென்றால் எல்லாம் இப்போது ஒரே சூட்டில்தான் இருந்தன. அவள் யன்னலோரம் போய் வெள்ளைச் சுவருக்கு எதிரே இரண்டு போத்தல்களை உயர்த்திப் பிடித்தாள். ஒரு கையில் கோயிலுக்குள் கிடந்தது, மறு கையில் வாசலில் நின்றது.

"மிஸ், இங்க வாங்க. சாயம் வெளுத்திருக்கு."

ஸிஹாமா மிஸ் வந்து பார்த்தார். உள்ளே கிடந்தது கடுஞ்சாயம். வெளியே நின்றது, தண்ணீர் கலந்த சாயம்.

தண்ணீரின் பழுப்பு இலையிலிருந்து வருவது. செடியை வெட்டிப் போட்ட இலையும் குச்சியும் மழையில் ஊறி, பெரிய சாயக் கேத்தலைப் போல மலையே வடிந்து நீர்த்தேக்கத்தில் இறங்கும். அந்தச் சாயம் பக்டீரியாக்களுக்குத் தீனிதான், ஆனால் எளிதில் கடிபடாத தீனி. வெயில் அதை வெட்டுகிறது. நீளமானதைச் சிறிதாக்கி, முரடானதை மென்மையாக்கி, வாயில் போட்டதும் கரைகிற மாதிரி ஆக்கிக் கொடுக்கிறது. ஆழமான தண்ணீரில் வெயில் மேல் தோலோடு நின்றுவிடும். சட்டியிலோ அடிவரைக்கும் இறங்கும்.

"வெயில் சமைச்சுக் குடுக்குது மிஸ்" என்றாள் விதுர்ஷா. "மழை சாமான் கொண்டுவருது. வெயில் சமைக்குது. இதுக சாப்பிடுதுக."

ஸிஹாமா மிஸ் இரண்டு போத்தல்களையும் வாங்கி மேசையில் வைத்தார். இப்படியான வேலையை வேறு நாடுகளின் ஏரிகளில் செய்திருக்கிறார்கள் என்றும், நம்முடைய மலைகளில் செய்து தான் வாசித்ததில்லை என்றும் சொன்னார். "இனி வேணுமெண்டே வெயில்ல வைங்க. கூரையில. கோயில்ல ஒருக்கா நடந்தத இங்க நாலு தரம் நடத்திக் காட்டோணும்."

விதுர்ஷா நடத்திக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் வெயில் பட்டவை இரைத்தன. கடைசித் தடவை எண்களைக் குறித்துவிட்டு நிமிர்ந்தபோது, ஆய்வுகூட யன்னலில் ஊதா நிறச் சாயங்காலம் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. பசியே இல்லாமல் பஸ் ஏறினாள். ஹாலிஎலை தாண்டும்போதுதான் கணபதி மாமாவிடம் கேட்க வேண்டியது ஒன்று மிச்சமிருப்பது நினைவுக்கு வந்து தொலைபேசியை எடுத்தாள்.

"மாமா, போன வருசம் எந்த மலைய கவ்வாத்து வெட்டினீங்க?"

"பதினோராம் நம்பர். சட்டிக்கு நேர் மேல."

"இந்த வருசம்?"

"அதுக்கு அடுத்தது, பன்னெண்டு. நேத்துத்தான் முடிச்சோம். மலை பூரா வெட்டின எலை கெடக்கு, மெத்தை மாதிரி. ஏன் புள்ள?"

பஸ் கண்ணாடியில் முதல் மழைத்துளி விழுந்தது.

*

மழை இரண்டு நாள் கொட்டியது. வாய்க்கால்கள் செம்பழுப்பாக ஓடிச் சட்டிக்குள் இறங்கின. மூன்றாம் நாள் வானம் கழுவித் துடைத்தது போல வெளுத்து, நமுனுகுல மலையின் மடிப்பெல்லாம் தெரிகிற அளவுக்கு வெயில் அடித்தது. லயத்தில் எல்லாரும் துணி காயப்போட்டார்கள். விதுர்ஷா மட்டும் அந்த வெயிலைக் கண்டு பயந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் கருவியோடு சட்டிக்குப் போனாள். ஒவ்வொரு விடியலிலும் ஒட்சிசன் நேற்றைவிடக் குறைந்திருந்தது.

"கூட்ட இன்னைக்கே இழுக்கணும்ணா" என்றாள். "நடுத் தண்ணிக்கு."

நிஷாந்த் லயத்து வீட்டுக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து காலணிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தான். "நடுத் தண்ணியில காத்து எப்பிடி அடிக்கும்னு தெரியுமா ஒனக்கு? மூங்கில் பிரிஞ்சா மீன் எல்லாம் பாய் சொல்லிட்டுப் போயிரும்."

"காத்து அடிக்கிறதுதான் வேணும். காத்து தண்ணியக் கலக்கும், மூச்சு உள்ள போகும். அங்க ஆழம், வெயில் அடி வரைக்கும் எறங்காது. இங்க இருந்தா ரெண்டு மூணு நாள்ல போன வருசம் மாதிரித்தான்."

"இங்க இப்ப நல்லாத்தான இருக்கு. காலையில தீனி போட்டேன், துள்ளுச்சு."

"போன வருசமும் மொத நாள் துள்ளுச்சா இல்லையா?"

அவன் நூலை நிறுத்தினான். தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து வேலை ஏஜென்சிக்காரன். நிஷாந்த் அதை எடுக்கவுமில்லை, நிறுத்தவுமில்லை. அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஜயலெட்சுமி காலையில் பேர் பதியும் பெரட்டு முடிந்து மலைக்குப் போகக் கூடையைத் தூக்கியபடி வந்தாள். "ஏன்டா, நீ சாமிக்கு என்னத்த வச்ச?"

"என்னாம்மா?"

"பாஸ்போர்ட்டத்தான வச்ச? நான் ஒண்ணும் கேக்கல. மனசுல இருக்கிறதத்தான் வைக்கணும், வச்ச. அப்ப மீன் ஒன் தொழில் இல்ல. ஒன் தொழில் இல்லாததுக்கு நீ எதுக்கு ஞாயம் பேசுற? அவளுக்குப் போத்தல வச்சோம். மீன அவகிட்ட விடு."

"கூடு ஒடைஞ்சிச்சின்னா?" என்று நிஷாந்த் தங்கையைத்தான் கேட்டான்.

"ஒடைஞ்சா நானே கொழும்பு வரைக்கும் வந்து பிளேன் ஏத்தி விடுறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவன் எழுந்தான். நூல் கோத்த காலணியைச் சுவரோரம் வைத்தான். "பவாஸுக்குப் போன் போடு. எஞ்சின் தோணி வேணும்" என்றான்.

பவாஸ் வரும்போது பாதி லயம் கரையில் நின்றது. மலை முடிந்து வந்த கவ்வாத்து ஆட்கள் கத்தியை இடுப்பில் செருகியபடியே நின்றார்கள். பவாஸ் தோணியிலிருந்து கயிற்றை எறிந்துவிட்டுச் சிரித்தான். "என்ன மச்சான், மீனுக்கு டூர் போடுறீங்களாமே? எல்ல டவுனுக்குச் சுத்திப் பாக்கப் போற வெள்ளைக்காரன் மாதிரி காத்து வாங்கவா?"

"தங்கச்சி சொல்லுது" என்றான் நிஷாந்த்.

"தங்கச்சி சொன்னாச் சரிதான். போன வருசம் நாங்க ரெண்டு பேரும் எங்கட சொல்லக் கேட்டுத்தானே நாறினோம்."

"ரொம்ப மெதுவா இழுக்கணும் பவாஸ் நானா. மீன் வலையில மோதாம" என்றாள் விதுர்ஷா.

"பொண்ணு அழைச்சிட்டுப் போற மாதிரிப் போறேன், பாருங்க."

கூடுகளை ஒன்றோடொன்று பிணைத்தார்கள். நங்கூரத்துக்கு உரப்பைகளில் கல் நிரப்பினார்கள். கணபதி மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மலையில் ஆட்களை ஏவும் அதே குரலில் "ஏலே… தள்ளு… விடு" என்று குரல் கொடுத்தார். கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னாலிருந்து தள்ள, முன்னாலிருந்து எஞ்சின் இழுக்க, நீலப் பீப்பாய்களின் வரிசை ஒரு ரயிலைப் போல மெல்ல வளைந்து சட்டியை விட்டு வெளியேறியது.

திறந்த தண்ணீருக்குப் போனதும் காற்று பிடித்தது. அலை பீப்பாய்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடைசிக் கூட்டின் மூலையில் மூங்கில் ஒன்று கட்டவிழ்ந்து, சட்டம் வாயைத் திறப்பது போலத் திறக்கத் தொடங்கியது. தோணியிலிருந்த விதுர்ஷா கத்துவதற்கு முன்னால் நிஷாந்த் குதித்துவிட்டான். பீப்பாயைக் கையால் அணைத்து, பல்லில் கயிற்றைக் கடித்து, காலால் மூங்கிலை நெருக்கி, அவன் முடிச்சுப் போட்டான். அவன் தலை ஒவ்வொரு அலைக்கும் மறைந்து மறைந்து வந்தது. பாஸ்போர்ட் வைத்தவன் இப்படிக் குதிக்க மாட்டான் என்று விதுர்ஷா நினைத்தாள்.

பொழுது சாயும்போது கூடுகள் நடுத் தண்ணீரில் நின்றன. காற்று அவற்றை ஆட்டிக்கொண்டிருந்தது, தொட்டிலை ஆட்டுவது போல.

*

அதற்கடுத்த இரண்டு விடியலும் ஒன்றும் நடக்கவில்லை. லயத்தில் கேலி தொடங்கியது. "போத்தல்காரப் புள்ள டேமையே இழுத்துட்டுப் போகச் சொன்னாலும் சொல்லும்" என்றார்கள். நிஷாந்த் தீனி போடத் தோணியில் நெடுந்தூரம் துடுப்புப் போட வேண்டியிருந்தது. திரும்பி வந்து தோள்பட்டையைத் தேய்த்துக்கொள்ளும் அவனைப் பார்ப்பதுதான் விதுர்ஷாவுக்குப் பாரமாக இருந்தது.

மூன்றாம் விடியலில் காற்றே இல்லை. பனிமூட்டம் தண்ணீரின் மேல் பால் ஆடையைப் போலக் கிடந்தது. விதுர்ஷாவும் நிஷாந்தும் சட்டியின் கரைக்கு இறங்கியபோது முதலில் சத்தம்தான் கேட்டது. யாரோ நூறு பேர் உதட்டைக் குவித்து முத்தமிடுவது போன்ற சத்தம்.

பனி கொஞ்சம் விலகியது. சட்டி முழுவதும் மீன் வாய்கள். கூட்டுக்குள் வளராத, நீர்த்தேக்கத்தின் சொந்த மீன்கள், கெளுத்தியும் கெண்டையும் திலாப்பியாவும், தண்ணீரின் மேல் தோலில் வாயை வைத்துக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. கரையோரத்தில் வெள்ளை வயிறுகள் ஏற்கெனவே மிதக்கத் தொடங்கியிருந்தன. விதுர்ஷா கருவியை இறக்கினாள். எண் பூச்சியத்துக்குப் பக்கத்தில் போய் அசையாமல் நின்றது.

"இதே மாதிரித்தான்" என்றான் நிஷாந்த். "போன வருசமும் இதே மாதிரித்தான் இருந்துச்சு. நான் யாரையெல்லாமோ நெனச்சேன்."

மூன்று நாள் முன்புவரை கூடுகள் நின்ற இடத்தை அவன் பார்த்தான். கூடுகளைக் கட்ட நாட்டிய கம்பு மட்டும் தனியாக நின்றது. அதைச் சுற்றிலும் வாய்கள்.

அவன் தோணியைத் தள்ளினான். விதுர்ஷா ஏறிக்கொண்டாள். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் பனிக்குள் போனார்கள். சட்டியின் வாயைத் தாண்டும்போது தண்ணீரின் நிறம் மாறியது. சாயம் தெளிந்து பச்சையாகி, பச்சை கருத்தது. முகத்தில் குளிர்ந்த காற்று மெல்லப் பட்டது. முதல் நீலப் பீப்பாய் பனிக்குள்ளிருந்து வந்தது.

கூட்டுக்குள் அசைவில்லை.

நிஷாந்த் தீனிப் பையில் கையை விட்டான். எடுத்தான். கொஞ்ச நேரம் கையை மூடியபடியே வைத்திருந்தான். பிறகு எறிந்தான். மணிகள் தண்ணீரில் விழுந்து, மழைத்துளி போலச் சிறு வட்டங்களைப் போட்டு, மிதந்தன. வட்டங்கள் விரிந்து அடங்கின. விதுர்ஷா தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணி மறைந்தது. இன்னொன்று. பிறகு கூடு முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தது. வாலும் முதுகும் வெள்ளியுமாகத் தண்ணீர் கொதித்து எழும்பி, இருவரின் முகத்திலும் அடித்தது. பக்கத்துக் கூட்டுக்கு எறிந்தான், அதுவும் கொதித்தது. அடுத்ததும். கடைசிக் கூட்டில், அவன் பல்லால் கயிறு கடித்துக் கட்டிய மூலையில், ஒரு மீன் மூங்கிலுக்கு மேலே எழும்பித் துள்ளி மறுபடி உள்ளேயே விழுந்தது.

நிஷாந்த் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து விதுர்ஷா நெடுநாள் கேட்டதில்லை. சிரிப்பு தண்ணீரில் பட்டு அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. அவளும் சிரித்தாள், முகத்தில் வழிந்தது எந்தத் தண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உசுரோட இருக்கு" என்று அவன் கரையைப் பார்த்துக் கூவினான். "எல்லாமே உசுரோட இருக்கு."

பனிக்கு அப்பாலிருந்து முதலில் பவாஸின் லொறி ஹோர்ன் நீளமாக அடித்தது. பிறகு கரையில் குரல்கள். போத்தல்காரப் புள்ளையைக் கேலி செய்த அதே குரல்கள்தான் இப்போது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டன. அக்கரையிலிருந்தும் யாரோ சிங்களத்தில் என்ன நடந்தது என்று கேட்க, பவாஸ் அவர்களுக்குச் சத்தம்போட்டு விளக்கினான். மழை, வெயில், சாயம், சமையல் என்று அவன் கைகளை ஆட்டுவது பனிக்குள் நிழலாகத் தெரிந்தது. யாரும் மருந்து கலக்கவில்லை என்று அவன் இரண்டு தரம் சொன்னான். அந்தக் கரையிலும் ஒரு சிரிப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே மாரியம்மன் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. பூசை நேரம் இல்லை. கணபதி மாமாதான் ஓடிப்போய் அடிக்கிறார் என்று அந்த அவசரத்திலேயே தெரிந்தது.

விதுர்ஷா தொலைபேசியை எடுத்துக் கூட்டின் மேல் நீட்டி, மீன்கள் தீனியில் மோதும் சத்தத்தைப் பதிந்து ஸிஹாமா மிஸ்ஸுக்கு அனுப்பினாள். ஒரு சொல்லும் எழுதவில்லை.

சூரியன் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. நிஷாந்த் துடுப்பைக் குறுக்கே போட்டுவிட்டு, ஈரச் சட்டையோடு, கூட்டின் மூங்கிலில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். முடிச்சை ஒருமுறை இறுக்கினான். இறுக்க வேண்டிய தேவை இல்லாத முடிச்சு. அவன் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. கொழும்பாக இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து நின்றது.

"அண்ணா."

"ம்."

"வர்ற வருசம் சாமிக்கு முன்னால, அந்தப் பாஸ்போர்ட் இருந்த எடத்துல, வலைய வைக்கிறியா?"